பாட்டு யாருடைய கூற்று? கண்ணதாசன் திரைப்பாடல்களும் பொருள் கொள்ளும் முறைகளும்

கண்ணதாசனின் பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் கூடவே ஒரு கதையும் வந்துவிடும். அண்ணன் ஏ.எல். சீனிவாசனிடம் பணம் கேட்டு, கிடைக்காமல் திரும்பிய வருத்தத்தில் ‘பழனி’ (1965) படத்தின் அண்ணன் தம்பிப் பாட்டை எழுதினார் என்பார்கள். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில் தேவிகா பாடும் பாட்டு, மெல்லிசை மன்னர் விஸ்வநாதன் கடிந்து பேசியதைக் கேட்டு மனம் நொந்த கவிஞர் நண்பனை நோக்கி எழுப்பிய கேள்வி என்பார்கள். ‘பட்டணத்தில் பூதம்’ (1967) படத்தின் காதல் பாட்டு காமராஜருக்கு விட்ட தூது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் நாட்டியப் பெண் நாதஸ்வரக்காரரை நலம் விசாரிப்பது உண்மையில் கவிஞர் அண்ணாவை விசாரித்தது. இந்த நான்கு கதைகளையும் மேடைகளில், வானொலியில், தொலைக்காட்சியில் கேட்காத தமிழர் குறைவு.

இவற்றை வெறும் துணுக்குகள் என்று ஒதுக்க முடியாது. கண்ணதாசனின் திரைப்பாடல்களுக்குத் தமிழில் மிகப் பரவலாகப் புழங்கும் உரை இதுதான். கல்லூரி ஆய்வேடுகளிலும் இக்கதைகள் சான்றுபோல ஏறிவிடுகின்றன. கவிஞனின் வாழ்க்கைச் சம்பவம் பாட்டின் பொருளாகிவிடுமா, பாட்டைப் படிக்க வேறு வழிகள் என்னென்ன இருக்கின்றன, அவற்றில் எது எவ்வளவு தூரம் உதவும் என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரைப்பாடல் ஒரு பாத்திரத்தின் கூற்று. யார், யாரிடம், எந்தச் சூழலில் பாடுகிறார் என்று கேட்ட பிறகே கவிஞனின் வாழ்க்கையைத் தேடிப் போக வேண்டும். நம் உரையாசிரியர்கள் அகப்பாட்டுக்குச் செய்தது இதைத்தான். சினிமாப் பாட்டுக்கு வந்தபோது நாம் அதை மறந்துவிட்டோம்.

பாட்டு பிறக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். இயக்குநர் கட்டத்தை விவரிப்பார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போட்டுத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். சில சமயம் வரிகள் முதலில் வந்து மெட்டு பின்னால் வரும். கண்ணதாசன் தாமே எழுதுவதைவிடச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வதே வழக்கம். ஒரே கட்டத்துக்குப் பல பல்லவிகளை அவர் அடுக்குவார், பிடித்ததை இயக்குநரும் இசையமைப்பாளரும் எடுத்துக்கொள்வார்கள் என்று உடனிருந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு நெடிலுக்குப் பதில் குறில் வேண்டும் என்று மெட்டு கேட்டால் சொல் மாறும். தயாரிப்பாளர் தயங்கினால் சரணம் மாறும். இத்தனை கைகள் பட்டு வெளிவந்த பாட்டைத் தனியொருவரின் நாட்குறிப்பாகப் படிப்பதற்கு வலுவான ஆதாரம் வேண்டும்.

நான்கு கதைகளையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம். ‘பழனி’ உழவர் குடும்பத்து அண்ணன் தம்பிகளின் கதை. உடன்பிறப்புப் பாசம் பொய்த்துப்போவதைச் சொல்லும் பாட்டு அந்தப் படத்துக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. கவிஞருக்கு அன்று அண்ணனோடு மனத்தாங்கல் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியானாலும் பாட்டு எழுதப்பட்டிருக்கும். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ இன்னும் தெளிவான வழக்கு. இயக்குநர் ஸ்ரீதர் மருத்துவமனைக்குள்ளேயே நடத்திய கதை அது. புற்றுநோயோடு படுத்திருக்கும் கணவன், தான் இறந்தால் அந்த மருத்துவரையே மணந்துகொள் என்கிறான். அவர் மனைவியின் பழைய காதலர். கேட்டுத் திடுக்கிட்ட மனைவி பாடுகிறாள். அவள் கேட்கும் கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் அந்தக் கட்டிலையும் அந்த நோயாளியையும் நோக்கியது. விஸ்வநாதனை உள்ளே கொண்டுவந்தால் பல்லவி மட்டும் ஒருவாறு பொருந்தும், சரணங்கள் பொருந்தாது. பல்லவிக்கு மட்டும் பொருந்தி சரணத்தில் உதிர்ந்துபோகும் விளக்கத்தைச் சந்தேகிக்கத்தான் வேண்டும்.

அண்ணாவைப் பற்றிய கதையைத் தேதிகளைக் கொண்டே பார்க்கலாம். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968 ஜூலையில் திரைக்கு வந்தது. பாட்டு அதற்கு முன்பே பதிவாகிப் படமாகியிருக்க வேண்டும். அண்ணா புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நியூயார்க் சென்றது அந்த ஆண்டு செப்டம்பரில்; மறைந்தது 1969 பிப்ரவரி 3-ஆம் நாள். சிகிச்சை பெற்றுவந்த அண்ணாவை நினைத்து எழுதிய பாட்டு என்று கதை சொல்லப்படும்போது காலம் முன்பின்னாகிவிடுகிறது. காயம் பட்ட சிக்கல் சண்முகசுந்தரத்தை மோகனா சபை நடுவே ஆடிக்கொண்டே விசாரிக்கும் கட்டம் அது. எல்லார் முன்னிலையிலும் அவனுக்கு மட்டும் புரியும்படி பேச வேண்டிய நெருக்கடி பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நெருக்கடியை விட்டுவிட்டால் பாட்டின் அழகில் பாதி போய்விடும் என்பது என் கருத்து. கதை பொய் என்பதைவிட, அது பாட்டைச் சின்னதாக்கிவிடுகிறது என்பதே எனக்கு வருத்தம்.

கூற்று என்ற கருவி நமக்குப் புதிதன்று. குறுந்தொகையின் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே யார் யாரிடம் எப்போது சொன்னது என்ற குறிப்பு நிற்கிறது. தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், தலைவன் தேர்ப்பாகனிடம். அகப்பாட்டில் ஒருவரையும் பெயர் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. தலைவியின் ஏக்கத்தைப் பாடிய ஆண் புலவரின் சொந்த ஏக்கம் எது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கேட்கவில்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயரே தெரியாது. பாட்டில் வரும் செம்மண் நீர் உவமையால் அவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். வாழ்க்கை வரலாறு ஒரு வரிகூட இல்லாமல் அந்தப் பாட்டு இத்தனை நூற்றாண்டுகளாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

பிறகு ஏன் சினிமாப் பாட்டில் கூற்று நழுவிப்போனது? வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. படம் ஊருக்கு வந்து சில வாரங்களில் போய்விடும். பாட்டு போகாது. டீக்கடையிலும் கல்யாணப் பந்தலிலும் கோயில் திருவிழாவிலும் ஆண்டுக்கணக்கில் ஒலிக்கும். 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். அங்கே கேட்ட பாட்டு படத்திலிருந்து கழன்று வந்த பாட்டு. தேவிகாவும் இல்லை, மருத்துவமனைக் கட்டிலும் இல்லை. எழுதியவர் பெயரும் பாடியவர் பெயரும்தான் காதில் விழுகின்றன. பாடும் பாத்திரம் மறைந்த இடத்தில் கவிஞர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்படி உட்கார ஏற்ற வாழ்க்கையும் அவருக்கு இருந்தது. காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த முத்தையா, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1949-ல் ‘கன்னியின் காதலி’ மூலம் பாடலாசிரியரானார். திராவிட முன்னேற்றக் கழகத்தில் முன்னணியில் நின்று, கல்லக்குடிப் போராட்டத்தில் சிறை சென்று, 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு வெளியேறினார். 1964-ல் காங்கிரஸில் கலந்தார். சொந்தப் படம் எடுத்துக் கடனாளியானார். கழக நாட்களையும் தன் சறுக்கல்களையும் ‘வனவாச’த்தில் ஒளிவின்றி எழுதிவைத்தார். இவ்வளவு திறந்து கிடந்த வாழ்க்கையிலிருந்து பாட்டுக்குப் பொருள் எடுக்கக் கேட்பவருக்குக் கை நீளாமல் இருக்குமா?

நான்கு கதைகளையும் வரிசையாக வைத்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. அண்ணன், நண்பன், தலைவர், முன்னாள் தலைவர். நான்குமே முறிந்த, அல்லது முறிவை நெருங்கிய உறவுகள். நேரில் போய்ச் சொல்ல முடியாததைக் கவிஞர் பாட்டில் வைத்தார் என்பதே எல்லாவற்றின் சாரம். பிரிந்தவர்கள் உள்ளுக்குள் பிரியவில்லை என்று நம்ப விரும்பிய ஒரு தலைமுறையின் ஆசையை இவற்றில் காண்கிறேன். கட்சிகள் உடைந்து, மேடையில் ஒருவரையொருவர் கடுமையாக ஏசிக்கொண்ட காலம் அது. அந்த வகையில் இக்கதைகள் ஆவணங்கள்தாம். ஆனால் பாட்டைப் பற்றியதைவிடப் பாட்டைக் கேட்டவர்களைப் பற்றிய ஆவணங்கள்.

வாழ்க்கைவழி வாசிப்பில் இன்னொரு சிக்கல், அது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தில் முஸ்லிம் வீட்டில் வளர்ந்த ரஹீமுக்காக ரம்ஜான் கொண்டாட்டப் பாட்டை எழுதியவர் கண்ணதாசன். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் சிவனே பாடும் பாட்டையும் எழுதினார். தாயின் தாலாட்டு, குடியானவனின் களிப்பு, விதவையின் துயரம் எல்லாம் எழுதினார். இவற்றுக்கு யாரும் வாழ்க்கைச் சம்பவம் தேடுவதில்லை. எழுதிய சில ஆயிரம் பாடல்களில், நாம் அறிந்த வாழ்க்கையோடு ஒட்டுகிறவை மட்டும் ‘அனுபவப் பாடல்’ ஆகின்றன.

‘கலங்கரை விளக்கம்’ (1965) படத்தின் புகழ்பெற்ற காதல் பாட்டு ஒன்றை நெடுங்காலம் பலர் கண்ணதாசனுடையது என்றே நினைத்திருந்தார்கள். எழுதியவர் அவருடைய அண்ணன் மகனும் உதவியாளருமான பஞ்சு அருணாசலம். தேர்ந்த செவிகளுக்கே வேறுபாடு புலப்படவில்லை என்றால், நடை என்பது பழகிக் கைக்கொள்ளக்கூடிய ஒரு மரபாகவும் இருக்கிறது. பாட்டில் கேட்கும் குரல் கவிஞரின் நெஞ்சிலிருந்து நேராக வருவது என்ற நம்பிக்கையை இந்த ஒரு பாட்டே அசைத்துவிடுகிறது.

வாழ்க்கையே பாட்டின் பொருளாகும் இடமும் இல்லாமல் இல்லை. ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் கையில் கோப்பையோடு திரையில் தோன்றுவது கண்ணதாசனேதான், குரல் டி.எம். சௌந்தரராஜனுடையது. தன் பழக்கத்தையும் தன் கவித்திமிரையும் தானே அறிவிக்கும் பாட்டு. இங்கே கூற்று கவிஞருடையது, ஆகவே வாழ்க்கையைக் கொண்டு படிப்பதில் பிழையில்லை. விதியை மீறிய பாட்டன்று இது. யார் பாடுகிறார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை இங்கே வேறு, அவ்வளவுதான்.

நான்கில் எஞ்சிய கதையான ‘பட்டணத்தில் பூத’த்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. காதலி தூது விடும் அந்தப் பாட்டு தலைவனைச் சிவகாமியின் பிள்ளை என்று சுட்டுகிறது. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி அம்மாள். கதைக்கு வடிவங்கள் பல. காங்கிரஸில் சேர விரும்பிய கவிஞர் விட்ட தூது என்கிறது ஒன்று. படம் வந்தது 1967-ல், அவர் கட்சிக்குள் வந்தது 1964-லேயே என்பதால் அது நிற்காது. இடையில் வந்த மனக்கசப்பைத் தீர்க்க எழுதியது என்கிறது இன்னொன்று. அந்த ஆண்டுத் தேர்தலில்தான் காமராஜர் விருதுநகரில் தோற்றார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். மறுபக்கத்தில், சிவகாமி தில்லையில் உறையும் அம்மை. அவள் மகன் முருகன். முருகனைக் காதலனாக வைத்துப் பாடுவது தமிழில் பழைய வழக்கு. ஆக, அரசியலே தெரியாதவருக்கும் பாட்டு முழுமையாகப் புரியும்.

இதே போன்ற வழக்கு ஒன்றை நச்சினார்க்கினியர் தீர்த்துவைத்திருக்கிறார். நக்கீரரின் நெடுநல்வாடை, பிரிந்த தலைவனை நினைத்து வாடும் அரசியையும் பாசறையில் உலவும் அரசனையும் காட்டுகிறது. யார் பெயரும் இல்லை. அகப்பாட்டு என்றே கொள்ளலாம். ஆனால் அரசனுக்கு முன் செல்பவன் ஏந்திய வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு தழை பாண்டியன் நெடுஞ்செழியனைச் சுட்டிவிடுவதால் பாட்டு புறத்தின்பாற்படும் என்றார் அவர். இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் முறை தெளிவாக இருக்கிறது: பாட்டுக்கு வெளியே வழங்கும் செய்தியை உள்ளே கொண்டுவர வேண்டுமானால், பாட்டுக்குள்ளேயே அதற்கு ஒரு தடயம் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துச் சொன்னால், காமராஜர் கதையை நான் மற்ற மூன்றோடு சேர்க்க மாட்டேன். சிவகாமி என்ற பெயர் அங்கே வேப்பந்தழைபோல நிற்கிறது. பெயர்களைச் சிலேடையாக வைத்துப் பேசுவது அன்றைய மேடைத் தமிழின் அன்றாடப் பழக்கம். அந்த மேடையில் வளர்ந்தவர் கவிஞர். அரசியல் கேட்பவருக்குக் கேட்கட்டும் என்று தெரிந்தே வைத்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அப்போதும் அது இரண்டாம் பொருள்தான். காதலியின் தூது முதலில் நிற்க, அதற்கு உள்ளே இன்னொரு தூது. அண்ணன் பாட்டிலோ தில்லானாப் பாட்டிலோ இப்படி ஒரு தழைகூடக் கிடைக்கவில்லை.

அரசியல் வாசிப்பு தனியே ஒரு பெரிய துறை. கா. சிவத்தம்பி, சு. தியடோர் பாஸ்கரன், எம்.எஸ்.எஸ். பாண்டியன் ஆகியோர் தமிழ்த் திரைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவை ஆழமாக எழுதியிருக்கிறார்கள். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பொதுவுடைமைக்காரராக எழுதிய உழைப்பாளர் பாட்டு, எம்.ஜி.ஆர் வாயசைத்ததும் எம்.ஜி.ஆரின் தத்துவப் பாடலாகிறது. 1959-ல் இருபத்தொன்பது வயதில் இறந்துபோன கவிஞர் அந்த மாற்றத்தின் பெரும்பகுதியைப் பார்க்கவே இல்லை. ‘அன்பே வா’ (1966) படத்துக்கு வாலி எழுதிய உதயசூரியன் தணிக்கைக்குப் பயந்து புதிய சூரியனாக மாறியது என்பது அவரே சொன்ன செய்தி. சொல் மாறியும் அரங்கில் இருந்தவர்கள் பழைய சூரியனையே கேட்டார்கள். நடிகரின் முகமும் ஒரு கூற்றுதான் என்பதை இந்த வகை ஆய்வுகள் நமக்குக் காட்டின. ஆயினும் அவை பெரும்பாலும் எம்.ஜி.ஆர் பாடல்களையே சுற்றுகின்றன. காதல் பாட்டுக்கும் துயரப் பாட்டுக்கும் அவற்றால் அதிகம் பயனில்லை.

மரபைக் கொண்டு படிப்பது அதைவிட வளமான வழி. கம்பனை எதிர்க்கப் படிக்கப்போய்க் கம்பனுக்கு ஆட்பட்டவர் கண்ணதாசன். அதை அவரே சொல்லியிருக்கிறார். மிதிலைத் தெருவில் இராமனின் தோளைப் பார்த்த பெண்கள் தோளையே பார்த்து நின்றுவிட்டதைக் கம்பன் பாடினான். ‘இதயக்கமலம்’ (1965) படத்தில் அந்த அமைப்பு காதல் பாட்டின் பல்லவியாகிறது. ‘பாதகாணிக்கை’ (1962) படத்தில் உறவுகள் எதுவரை கூட வரும் என்று அளக்கும் பாட்டு பட்டினத்தாரிடமிருந்து வந்தது. ‘வாழ்க்கைப் படகு’ (1965) படத்தில் முன்பின் அறியாத இருவர் ஒன்றானதை வியக்கும் பாட்டில் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு கேட்கிறது.

மூலத்தைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திக்கொள்வது இந்த வாசிப்பில் வழக்கமான குறை. பழம்பாட்டை எளிமையாக்கித் தந்தார் என்று பாராட்டுவார்கள், அல்லது எடுத்துக்கொண்டார் என்று குறை சொல்வார்கள். இரண்டிலும் பாட்டின் உள்ளே நுழைவதில்லை. கம்பனின் விருத்தத்தில் பார்ப்பவர்கள் ஒரு கூட்டம். சொல்பவன் வெளியே நிற்கும் கவி. திரைப்பாட்டில் பார்ப்பவனே தன் பார்வையைத் தன்மையில் சொல்கிறான். ஊர் முழுதும் வியந்த வியப்பு ஒருவனின் மயக்கமாகச் சுருங்கி ஆழமாகிறது. பட்டினத்தார் துறவியாக நின்று உலகத்தாருக்குச் சொன்னதை, கண்ணதாசன் அடிபட்ட ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்தார். உபதேசம் புலம்பலாகிவிட்டது. குறுந்தொகைப் பாட்டில் மட்டும் தலைவன் கூற்று தலைவன் கூற்றாகவே தொடர்கிறது. மூலத்துக்கும் பாட்டுக்கும் நடுவே கூற்று எப்படி நகர்ந்தது என்று பார்த்தால்தான் அவருடைய தனித்திறன் தெரியும். இந்த வேலை இன்னும் போதிய அளவு நடக்கவில்லை.

தாளில் படிக்கும் வரிகள் மட்டுமே பாட்டாகிவிடாது. ஒரு சொல்லை சுசீலா எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், சரணத்துக்கு முன் ஷெனாயோ குழலோ என்ன சொல்கிறது என்பதெல்லாம் பொருளின் பகுதி. பழைய பாட்டுப் புத்தகத்தில் அச்சான வரிக்கும் இசைத்தட்டில் ஒலிக்கும் வரிக்கும் சில இடங்களில் வேறுபாடு உண்டு. படத்தில் ஒரு சரணம் வெட்டப்பட்டும் இருக்கும். எந்தப் பாடத்துக்குப் பொருள் சொல்கிறோம் என்று விளக்கமெழுதுவோர் சொல்வதே இல்லை.

காலமும் பொருளை ஏற்றிவைக்கும். ‘மூன்றாம் பிறை’க்காக இளையராஜா இசையில் கண்ணதாசன் எழுதிய தாலாட்டு, அவருடைய கடைசித் திரைப்பாடல் என்று அறியப்படுகிறது. 1981 அக்டோபர் 17 அன்று அவர் சிகாகோவில் இறந்தார். படம் 1982-ல்தான் வெளிவந்தது. அன்றிலிருந்து அதை விடைபெறும் பாட்டாகவே கேட்கிறோம். எழுதும்போது அது கடைசிப் பாட்டு என்று அவருக்குத் தெரியாது. நினைவு குழம்பிக் குழந்தையாகிவிட்ட பெண்ணை ஒருவன் தூங்கவைக்கும் கட்டம் அது. இங்கே கேட்பவரின் வாசிப்பைத் தவறு என்று தள்ள நான் துணிய மாட்டேன். சாவு வீட்டில் ‘பாதகாணிக்கை’ப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுகிறவர் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பாட்டைப் பயன்படுத்துவோர் ஏற்றும் பொருளுக்கு அந்த உரிமை உண்டு. அதைக் கவிஞரின் நோக்கம் என்று எழுதிவைக்கும்போதுதான் ஆய்வு கெடுகிறது.

புறநானூற்றுப் பாட்டுகளின் கீழே யாரை யார் எப்போது பாடியது என்ற குறிப்புகள் உண்டு. அவை பாட்டோடு பிறந்தவை அல்ல, தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தவை என்ற கருத்து ஆய்வாளர்களிடையே வலுவாக உண்டு. அதனால் அவற்றைத் தூக்கி எறியவில்லை; பாட்டோடு ஒட்டிப்பார்த்து எடை போட்டுப் பயன்படுத்துகிறோம். கண்ணதாசன் கதைகளுக்கும் அந்த மரியாதையும் அந்தச் சோதனையும் சேர்ந்தே கிடைக்க வேண்டும். அதற்கு முதல் தேவை ஒழுங்கான பதிப்பு. படம், கட்டம், பாடும் பாத்திரம், கேட்கும் பாத்திரம், இசையமைப்பாளர், பாடகர், ஒலிப்பதிவான நாள், தட்டிலும் படத்திலும் பாட்டுப் புத்தகத்திலும் உள்ள பாடவேறுபாடுகள், மூலமாகக் கருதத்தக்க பழம்பாட்டு, வழங்கும் கதைகளும் அவற்றை முதலில் சொன்னவர் யார் என்பதும் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே வர வேண்டும். வாலி 2013-லும் விஸ்வநாதன் 2015-லும் பஞ்சு அருணாசலம் 2016-லும் போய்விட்டார்கள். கம்போசிங் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர்கள், வாசித்த இசைக்கலைஞர்கள், ஒலிப்பதிவுக்காரர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். பதிவுக்கூடங்களின் ஏடுகளும் இசைத்தட்டுகளும் சேகரிப்பாளர்களின் வீடுகளில் கிடக்கின்றன. பதிப்பு வேலையை அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும், இப்போதே.